வீக்கம் தணிக்கும் மென்கை: ஒரு வரலாற்று நோக்கு

தலவாக்கலையைச் சூழ்ந்த தேயிலை மலைகளிற் கொழுந்து பறித்தல் எல்லார் கண்ணிலும் படுந் தொழில். கான் வெட்டுதல் எவர் கண்ணிலும் படாது மலையைக் காக்குந் தொழில். சரிவுக்குக் குறுக்கே மென்சாய்வாக வெட்டப்பெற்ற கான்கள் மழைநீரை ஏந்தி, மண்ணை அரிக்கவிடாது மெல்ல நடத்தி ஓடையிற் சேர்க்கின்றன. ஓடைகள் கொத்மலை ஓயாவிற் கலக்கின்றன. ஒரு கான் எங்கேனும் தூர்ந்துவிட்டால் அதன் மேற்புறத்து நிலம் நீரில் ஊறிச் சேறாகும். செடியின் வேரும் அழுகும். ஊறிய நிலத்தை மிதிப்பதாற் பயன் விளையாது. கீழ்ப்புறத்து அடைப்பை முதலில் நீக்கி, அதன்பின் படிப்படியாக மேலேறி வருதலே முறை. இஃது அனுபவமுள்ள தொழிலாளர் எவரும் அறிந்த உண்மை.

மனித உடம்பிலும் இவை போன்ற கான்கள் உள. குருதிக் குழாய்களின் மெல்லிய சுவர்களூடாகக் கசிந்து இழையங்களை நனைக்கும் நீரைத் திரட்டி மீண்டும் குருதியிற் சேர்க்கும் நிணநீர் நாளங்களே அவை. நாளொன்றுக்குச் சில லீற்றர் அளவான நீர் இவ்வழியே திரும்புகின்றது. வழி அடைபட்டாற் கையோ காலோ வீங்கும். அவ்வீக்கத்தை மென்மையாக நீவித் தணிக்கலாம் என்னும் அறிவு மனிதனுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதும், மென்கைக்கு அடங்கும் வீக்கம் எது, அடங்காத வீக்கம் எது என்னும் வினாவுக்கு மலைநாட்டு வரலாறு தரும் விடையும் ஈண்டு ஆராயப்படும்.

சொல்லும் செயலும்

கையால் உடம்பைத் தொட்டு நோய் தணிக்கும் செயலுக்குத் தமிழில் ஒரு சொல் மாத்திரம் வழங்கவில்லை. வருடுதல், நீவுதல், தடவுதல், உருவுதல், பிசைதல், அமுக்குதல், பிடித்துவிடுதல் எனச் சொற்கள் பல. இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் அல்ல. கையின் அழுத்தம் எத்துணை, அது செல்லும் திசை யாது என்பவற்றை ஒவ்வொன்றும் வேறு வேறாக உணர்த்துகின்றது. பண்டைத் தமிழில் மென்மையாகத் தடவுதலுக்குத் 'தைவரல்' என்னும் சொல் வழங்கியது. யாழ் வாசிப்போர்க்குரிய எண்வகைச் செயல்களுள் ஒன்றுக்கும் இதுவே பெயர். நரம்பை வருடும் விரலுக்கும் நோயாளியின் மேனியைத் தடவும் கைக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்திய மொழியினர், கையின் நுட்பத்தை நன்கறிந்தவராதல் வேண்டும்.

சித்த மருத்துவம் புறமருந்துகளை முப்பத்திரண்டாக வகுத்து, அவற்றுள் ஒன்றாகத் தொக்கணத்தை வைத்தது. தொக்கணமும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். இவற்றை நோக்குமிடத்துப் பெரும்பாலானவை தசையையும் மூட்டையும் கருதியவை என்பது புலனாகும். நாள் முழுதும் உழைத்துத் தளர்ந்த உடம்புக்கும், பிடிப்புக்கும், வாத நோய்க்கும் அவை ஏற்றன. தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நிணநீர் வேறுவகைக் கையை வேண்டி நின்றது. அதனை விளக்குவதற்கு முதலில் அந்நாளங்களைக் காணல் வேண்டும். காண்பதற்கோ பல நூற்றாண்டுகள் சென்றன.

நீர் தேங்கிய நாடும் பழி சுமந்த காலும்

நிணநீர் அடைப்பால் விளையும் வீக்கங்களுள் மிகப் பழைய காலந்தொட்டு அறியப்பட்டது யானைக்கால். சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல் இதனைச் 'சிலீபதம்' என்று குறிக்கின்றது. பழைய நீர் தேங்கி நிற்பனவும் எப்பருவத்தும் குளிர்ந்திருப்பனவுமாகிய நாடுகளில் இந்நோய் மிகுதியாகத் தோன்றும் என்பது அந்நூலின் கூற்று. நுளம்பையோ புழுவையோ அறியாத காலத்தில், நோயைத் தேங்கிய நீரோடு தொடர்புபடுத்திய அந்நோக்கு வியக்கத்தக்கது.

எல்லாரும் அவ்வாறு நீரை நோக்கினாரல்லர். 1583 முதல் 1588 வரை கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தர் லின்ஸ்கோட்டன், 1596இல் வெளிவந்த தமது பயண நூலில் அக்காலத்து வழங்கிய ஒரு கதையை எழுதி வைத்தார். புனித தோமையாரைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்கள் பருத்த காலோடு பிறக்கின்றனர் என்பது அக்கதை. மருந்து அறியாத இடத்தில் மனிதன் பழியைத் தேடுகின்றான் என்பதற்கு இது தக்க சான்று. காலின் பாரத்தைச் சுமந்தவர் முன்னோர் செய்த பாவத்தின் பாரத்தையும் சுமக்கலானார். இவ்வெண்ணம் ஒரு சமயத்தார்க்கோ ஒரு நாட்டார்க்கோ மாத்திரம் உரியதன்று. முன்வினையின் பயன் என்று கூறி அத்தகையோரை ஒதுக்கிய வழக்கம் நம்மவரிடையேயும் இருந்தது.

நாளங்களின் கண்டுபிடிப்பு

1622ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் காஸ்பாரோ அசெல்லி, உணவு உண்ட நாயொன்றின் வயிற்றைத் திறந்து ஆராய்ந்தபொழுது, குடலைத் தாங்கும் மெல்லிய சவ்விற் பால்போல் வெண்மையான இழைகளைக் கண்டார். முதலில் நரம்புகள் என எண்ணி ஒன்றைக் கீறினார், வெண்ணீர் வெளிப்பட்டது. அவர் இறந்தபின் 1627இல் அவரது நூல் அச்சேறியது. 1651இல் பிரான்சு நாட்டுப் பெக்கே, அவ்வெண்ணீர் மார்பினூடே ஒரு பெருநாளத்தால் ஏறிக் கழுத்தடியிலுள்ள நாளக் குருதியிற் கலத்தலை வெளியிட்டார். அடுத்த ஈராண்டுக்குள் டென்மார்க்கின் பார்த்தொலினும் சுவீடனின் ருட்பெக்கும் உடம்பெங்கணும் இத்தகைய நாளங்கள் பரந்திருத்தலை அறிவித்து, முதலிற் கண்டவர் யார் என்று பிணங்கினர். பிணக்கு எவ்வாறாயினும், கான்களின் படம் உலகுக்குக் கிடைத்தது. அவை எல்லாம் ஈற்றிற் கழுத்தடியிலேயே வடிகின்றன என்பதும் தெளிவாயிற்று.

கானை அடைப்பது யாது என்பதற்கு விடை கீழைத்தேயத்திற் கிடைத்தது. 1872இற் கல்கத்தாவில் திமொதி லூயிஸ் மனிதக் குருதியில் நுண்ணிய புழுக் குஞ்சுகளைக் கண்டார். 1877இற் சீனத்தின் அமோய்த் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன், நோயுற்ற ஒருவரின் குருதியை உண்ட நுளம்பின் உடலுள் அக்குஞ்சுகள் வளர்தலைக் காட்டினார். வளர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களிற் குடியிருந்து அவற்றை விரித்துச் சிதைக்கின்றன. சிதைந்த நாளம் நீரைச் செலுத்த மாட்டாது. பழியும் பாவமும் காரணமல்ல என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

காரணம் தெரிந்தபின் பரிகாரம் தேடப்பட்டது. ஒஸ்திரியாவிற் பிறந்து பெல்ஜியத்தின் லியேஜ் நகரிற் பணியாற்றிய அறுவை மருத்துவர் அலெக்சாந்தர் வொன் வினிவாட்டர் 1892இல் யானைக்கால் பற்றி எழுதியபொழுது, தூய்மை, காலை உயர்த்தி வைத்தல், கட்டுப் போடுதல், உடற்பயிற்சி, மென்மையாக நீவுதல் ஆகியவற்றை ஒருசேர விதித்தார். இன்று உலகெங்கும் கையாளப்படும் முறையின் உறுப்புகள் பெரும்பாலும் அவ்வெழுத்தில் அடங்கியுள்ளன. எனினும் அவர் காலத்துக்குப் பின் அது பலராற் கைவிடப்பட்டு, பருத்த தோலை அறுத்து நீக்கும் முறையே முதன்மை பெற்றது.

கான் நகரில் ஒரு டென்மார்க்குத் தம்பதியர்

மறக்கப்பட்ட மென்கையை மீட்டவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர் என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொடரும் அவர்தம் மனைவியாரும் பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரில் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்து வாழ்ந்தனர். நீங்காத தடிமனால் வருந்தி அங்கு வந்தோரின் கழுத்தில் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருத்தலை அவர் கண்டார். அக்காலத்து மருத்துவர் அக்கணுக்களைத் தொடுதல் தகாது என்றிருந்தனர். வொடர் தொட்டார், ஆனால் மிக மெல்லத் தொட்டார். ஐரோப்பாவில் அந்நாளிற் பரவியிருந்த சுவீடன் முறை தசையை ஆழப் பிசைவது. இவரது முறையோ தோலை மாத்திரம் வட்டமாக நகர்த்தி, பின்பு கையைத் தளர்த்தி, மீண்டும் நகர்த்துவது. 1936இற் பாரிசு நகரில் இதனைப் பலரறிய வெளியிட்டார்.

மருத்துவ உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்காமைக்கு நியாயமும் இருந்தது. கை பட்டவுடன் நோயாளி சுகம் என்று கூறுவதால் மாத்திரம் ஒரு முறை மருத்துவம் ஆகிவிடாது. 1960களில் ஜேர்மன் மருத்துவர் அஸ்டொங் அதனை நோயாளரிடத்துச் சோதித்து ஆராய்ந்தார். பின்னர் ஹங்கேரியிற் பிறந்து ஜேர்மனியிற் பணியாற்றிய பெல்டி, நீவுதலோடு தோற் பராமரிப்பு, கட்டு, பயிற்சி ஆகியவற்றை இணைத்து முழுமுறை ஒன்றை அமைத்தார். வினிவாட்டர் சொன்னது ஏறத்தாழ நூறாண்டு கழித்து மீண்டும் நிலைபெற்றது.

மென்மை ஏன் வேண்டும் என்பதை இன்றைய உடற்றொழிலியல் விளக்குகின்றது. தொடக்க நிலை நிணநீர் நாளங்கள் தோலிலேயே உள்ளன. அவற்றின் சுவர்கள் நுண்ணிய இழைகளாற் சூழவுள்ள இழையத்தோடு பிணைக்கப்பட்டவை. தோல் மெல்ல இழுபடும்பொழுது அவ்விழைகள் சுவரை இழுத்து வாயிலைத் திறக்கின்றன, நீர் உட்புகுகின்றது. கடுமையாக அழுத்தினால் நாளம் நசுங்கும். ஊறு நேர்ந்து குருதியோட்டம் பெருகி மேலும் நீர் கசியும். 1896இல் ஆங்கிலேயரான ஸ்டார்லிங், கசிந்த நீரிற் பெரும்பகுதியைக் குருதிக் குழாய்களே திரும்ப உறிஞ்சுவதாக எண்ணினார். 2010இல் லெவிக், மைக்கேல் என்னும் இருவர் அக்கருத்தைத் திருத்தி, பெரும்பாலான இழையங்களில் நீர் திரும்புவது நிணநீர் வழியாலேயே என்று காட்டினர். கானின் மதிப்பு இவ்வாறு மேலும் உயர்ந்தது.

நீவும் ஒழுங்கும் கான் வெட்டுவோனின் ஒழுங்கே. முதலிற் கழுத்தடி, அடுத்து, வீங்கியது கையாயின் அக்குள், காலாயின் தொடையிடுக்கு, அதன்பின் உறுப்பின் மேற்பகுதி, ஈற்றிலேதான் வீங்கிய பாதம் அல்லது கை. வடியும் வாயைத் திறந்தபின்னரே தேங்கிய நீரை நடத்தல் வேண்டும். நீவியபின் கட்டுப் போடாவிடில் வடிந்த நீர் மீண்டும் வந்து சேரும்.

தோட்டத்து வீக்கம்

இனி மலைநாட்டை நோக்குவோம். யானைக்கால் நோய் இலங்கையின் மேல், தென், வடமேல் மாகாணங்களுக்கு உரியதாக இருந்தது. நுவரெலியா மாவட்டம் அந்நோய்ப் பரப்பினுள் அடங்கியதன்று. ஆயினும் தோட்டங்களில் வீங்கிய காலும் ஊதிய முகமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சாதாரணக் காட்சியாயின. தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்த கட்டளைச் சட்டம் 1872இல் இயற்றப்பட்டும் இறப்புக் குறைந்திலது. முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, கால் வீங்கி, வேலைக்குச் செல்ல மாட்டாது லயத்திற் படுத்தோர் சோம்பேறிகள் என்று ஏசப்பட்டதும் உண்டு.

1887இல் இலங்கையின் தலைமைக் குடிசார் மருத்துவ அதிகாரி கின்சி இதுபற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் தலைப்பிலேயே நோய் 'இரத்தசோகை அல்லது பெரிபெரி' எனப்பட்டது. பெரிபெரி தீட்டிய அரிசியை மாத்திரம் உண்போர்க்கு உயிர்ச்சத்துக் குறைவால் வருவது. அதிலும் கால் வீங்கும். ஆனால் தோட்டத்தாரைப் பெருவாரியாக வருத்தியது கொக்கிப் புழு. மலங்கழிந்த மண்ணிலே வளரும் இதன் குஞ்சு, செருப்பற்ற பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகுந்து, ஈற்றிற் குடலைப் பற்றிக் குருதியை உண்ணும். ஆண்டுக்கணக்கிற் குருதி இழந்த உடம்பில் இரும்பும் புரதமும் குறைய, குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்கும் வலு குன்றி, நீர் எங்கும் கசிந்து வீக்கம் உண்டாகும். சித்த மருத்துவர் வெளுப்பைப் பாண்டு என்றும் வீக்கத்தைச் சோபை என்றும் வழங்கி, இரண்டும் சேர்ந்து வருதலை அறிந்திருந்தனர். புழு மாத்திரம் அவர் கண்ணுக்கும் அகப்படவில்லை.

இவ்வீக்கத்துக்கு எந்தக் கை மருந்தாகும்? எண்ணெய் பூசி எத்துணை நீவினும் குடலிலுள்ள புழு குருதி உண்பதை நிறுத்தாது. 1916இல் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் கொக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். புழு நீக்கும் மருந்தும் மலசலகூடமும் அவ்வேலையின் இரு கைகள். மருந்து விரைவிற் பயன் தந்தது. மலசலகூடம் கட்டுதல் செலவுமிக்கது ஆதலின் மெல்ல நடந்தது. மருந்துண்டவர் அதே மண்ணை மிதித்து மீண்டும் நோயுற்றனர். காலின் வீக்கத்தைக் காலிலே தேடாது, மண்ணிலும் லயத்திலும் உணவிலும் தேட வேண்டியிருந்தது. மலைநாட்டு வரலாறு தரும் பாடம் இதுவே: வீக்கம் என்பது ஓர் அடையாளம், அதன் பெயர் நோயின் பெயர் அன்று.

நோய் நீங்கியும் நீங்காத கால்

இலங்கையில் யானைக்கால் ஒழிப்பு இயக்கம் 1947இல் அமைக்கப்பட்டது. ஆகாயத்தாமரை படர்ந்த நீர்நிலைகளில் வளரும் நுளம்பு பரப்பிய ஒருவகை நோய், அச்செடியை அகற்றுதலாலும் பிற முயற்சியாலும் 1960களின் இறுதியில் மறைந்ததாகக் கருதப்பட்டது. பிற்காலத்தில் அது மீண்டும் தலைகாட்டியதும் உண்டு. நகரங்களின் அழுக்கு நீரிற் பெருகும் நுளம்பு பரப்பிய மற்றவகை நின்று நிலைத்தது. 2002 முதல் 2006 வரை எட்டு மாவட்டங்களில் ஆண்டுதோறும் மக்கள் அனைவர்க்கும் மருந்து கொடுக்கப்பட்டது. 2016இல், இந்நோய் இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இது நாட்டுக்குப் பெருமை.

ஆயினும் மருந்து புழுவைக் கொல்லும். சிதைந்த நாளத்தைச் செப்பனிடாது. நோய் நீங்கிய நாட்டிலும் அந்நோய் தந்த காலோடு வாழ்வோர் உளர். பிறேசில் நாட்டின் ரெசிபே நகரிற் பணியாற்றிய மருத்துவர் ஜெருசா டிரேயர், அவர்களை மீண்டும் மீண்டும் வருத்தும் காய்ச்சலுக்கும் வேதனைக்கும் விரலிடைப் புண்களூடாகப் புகும் பற்றீரியாவே காரணம் என்பதை வலியுறுத்தினார். நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடையை ஈரமின்றித் துடைத்து, புண்ணுக்கு மருந்திடுதலால் அத்தாக்குதல் குறைந்தது. அதனை ஒருவர்க்கொருவர் கற்பிக்கும் சங்கங்களையும் அவர் அமைத்தார். பழி சுமந்து மறைந்து வாழ்ந்தோர் கூடிப் பேசும் இடமாக அவை ஆயின. கேரளத்தின் காசர்கோட்டில் 1999இல் தொடங்கப்பட்ட பிரயோகத் தோலியல் நிலையம், கழுவுதல், ஆயுர்வேத மருந்து நீர், மூச்சோடு இயைந்த மென்னீவல், யோகப் பயிற்சி, கட்டு என்பவற்றை ஒன்றாக்கிக் கிராமத்து ஏழைகளும் வீட்டிற் கையாளத்தக்க முறையை வகுத்தது. கீழைத்தேயக் கையும் மேலைத்தேயக் கையும் அங்கே ஒரு காலிற் சந்தித்தன.

மலைநாட்டார்க்கு இன்று அணித்தாயுள்ள நிணநீர் வீக்கம் வேறொன்று. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குட் கணுக்கள் நீக்கப்பட்ட பெண்களுள் ஒருசாரார்க்குக் கை வீங்கும். அமெரிக்க மருத்துவர் ஹோல்ஸ்டட் 1921இலேயே இதுபற்றி எழுதியுள்ளார். கண்டிக்கோ மகரகமைக்கோ சென்று சிகிச்சை பெற்றுத் தோட்டம் திரும்பும் ஒரு பெண்ணுக்கு, கொழுந்து பறிக்கும் கையே வாழ்வு. தேயிலைச் செடியின் சிறு கீறலும் அக்கையில் அழற்சியை மூட்டலாம். மென்னீவல் இத்தகையோர்க்குத் தீங்கற்றது என்றும், கட்டோடு சேர்த்துச் செய்யின் சிறிதளவான, நடுத்தரமான வீக்கத்திற் கூடுதற் பயன் தரலாம் என்றும் பல ஆய்வுகளை ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகின்றது. பெரும்பயன் கட்டினது; துணைப்பயன் கையினது. உள்ளதை உள்ளவாறு கூறுதலே இம்முறைக்கும் மதிப்பு.

கை எட்டாத இடங்கள்

ஆகவே நீவத் தகாத வீக்கங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு கால் மாத்திரம் திடீரென வீங்கி நோவெடுப்பின் உள்ளே குருதி உறைந்திருக்கலாம். நீவினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்து உயிருக்கே ஊறு செய்யும். தோல் சிவந்து சுட்டுக் காய்ச்சலும் உண்டாயின் அது தணியும் வரை கை படலாகாது. இருகாலும் வீங்கி மூச்சுத் திணறுவோர்க்கு இதயமும், காலையில் முகம் ஊதியெழுவோர்க்குச் சிறுநீரகமும் சோதிக்கப்படல் வேண்டும். அத்தகையோரின் நீரைக் கையால் நடத்தித் தளர்ந்த இதயத்தின்மேல் ஏற்றுதல் கேடு. கருவுற்ற பெண்ணுக்கு மாலையிற் கணுக்கால் சற்று வீங்குதல் இயல்பு. முகமும் கையும் வீங்கித் தலைவலியும் கண்மங்கலும் சேரின், எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு மருத்துவ மாதை அழைத்தல் வேண்டும். குருதியழுத்தத்தை அளந்தறிய ஒருமணி தாழ்த்தலும் தாயையும் சேயையும் இழக்கச் செய்யலாம்.

சுசுருதர் கால்நோயைக் கண்டு தேங்கிய நீரை நோக்கினார். மான்சன் நுளம்பை நோக்கினார். வொடர் தோலை நோக்கினார். கொக்கிப் புழுவை ஆராய்ந்தோர் செருப்பற்ற பாதத்தையும் அது மிதித்த மண்ணையும் நோக்கினர். அவரவர் கண்டது அவ்வவ் வீக்கத்துக்கு உண்மை. லயத்து வீடொன்றில் மாலையிற் பாட்டியின் வீங்கிய காலை மடிமேல் வைத்து நீவும் பேரப்பிள்ளை இவர் எவரையும் அறியாதிருக்கலாம். அப்பிள்ளை பள்ளியிற் கற்று எடுத்துச் செல்லத்தக்கது ஒரு வினா: இக்கால் ஏன் வீங்கியது? அவ்வினாவைக் கேட்டு விடை தெரிந்தபின் நீவும் கை மருத்துவக் கை; கேளாது நீவும் கை அன்புக் கை மாத்திரமே. இரண்டும் ஒன்றாகும் வீட்டில், கானின் அடைப்பு எங்குளது என்று அறிந்து மண்வெட்டியை எடுக்கும் தொழிலாளியின் தெளிவு நிலவும்.